பேஜாரு சப்பிய நைட்டி

1

எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் பேஜாரு. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில், ஃப்ரிமாண்டில் என்ற துறைமுக ஊரில் எங்களோடு வசிக்கிறது. அந்தப் பெயருக்குத் தொல்லை என்று அர்த்தம் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியாது. விலங்கு மருத்துவமனையில் வரவேற்புப் பெண் அதை "பேஜரூ" என்று நீட்டி முழக்கிக் கூப்பிடும்போது யாரோ பிரெஞ்சு சீமாட்டியை அழைப்பது போலிருக்கும். பெயர் வைத்தவள் என் மனைவி ஃபிலோமினா. கைவிடப்பட்ட பூனைகளுக்கான காப்பகத்திலிருந்து கொண்டுவந்த முதல் நாள் அது சோபாவுக்கு அடியில் புகுந்துகொண்டு கத்தோ கத்தென்று கத்தியது. "இன்னா பேஜாரா கீது இதோட" என்றாள் ஃபிலோ. அதுவே நிலைத்துவிட்டது.

சென்னை ராயபுரத்தில் பிறந்து, காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் பழுதுபார்த்து, அங்கிருந்து இங்கே வந்து அதே கிரேனைத்தான் பழுதுபார்த்துக்கொண்டிருக்கிறேன். துருவும் உப்புக்காற்றும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். எழுதுகிற பழக்கமெல்லாம் எனக்கு இல்லை. ஃபிலோ இறந்து ஒரு வருடம் ஆனதற்கு, போன மாதம் நானும் மகளும் ராயபுரத்தில் வருசப் பூசை முடித்துவிட்டு வந்தோம். வந்ததிலிருந்து வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஊரில் இருப்பவர்கள் யாராவது படிக்கட்டும் என்று எழுதுகிறேன். ஆறுதலாக ஏதாவது வரும் என்று எதிர்பார்த்துப் படிக்காதீர்கள். அப்படி ஒன்று என்னிடம் இல்லை.

2

விஷயம் ஒரு நைட்டியில் ஆரம்பிக்கிறது. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் வாங்கிய பருத்தி நைட்டி. அரக்கு நிறம், மஞ்சள் பூ. துவைத்துத் துவைத்துப் பழைய வேட்டி போல மெத்தென்று ஆகியிருந்தது. ஃபிலோ வேலைவிட்டு வந்ததும் அதை மாட்டிக்கொண்டு, தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டுதான் அடுப்படிக்குள் நுழைவாள். இந்த ஊர்க் குளிருக்கு அதன் மேல் ஒரு கோட்டும் உண்டு. எங்கள் மகள் ஷெரின் அந்தக் கோலத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

சாப்பிட்டுவிட்டு ஃபிலோ டிவி முன்னால் உட்கார்ந்ததும் பேஜாரு மடியில் ஏறும். முன்னங்கால் இரண்டையும் மாற்றி மாற்றி, பரோட்டா மாவு பிசைவது போல நைட்டியைப் பிசையும். பிறகு ஒரு மடிப்பை வாயில் கவ்விக்கொண்டு கண்ணை மூடிச் சப்ப ஆரம்பித்துவிடும். சத்தம் கேட்கும். உள்ளே ஏதோ மோட்டார் ஓடுவது போல வயிறு அதிரும். நன்றாக வளர்ந்த பூனை. பார்க்க எனக்கு வெட்கமாகக்கூட இருக்கும்.

ஏதாவது நோயோ என்று மருத்துவரிடம் கொண்டுபோனோம். பதற்றத்தில் என் ஆங்கிலம் காலை வாரிவிட்டது. "டாக்டர், இவள் தினமும் என் மனைவியின் நைட்டியைக் குடிக்கிறாள்" என்று சொல்லிவிட்டேன். அந்த இளம் மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பொறுமையாக விளக்கினார். தாயிடம் குடிக்கும் குட்டி பால் நன்றாகச் சுரப்பதற்காக மடியைக் காலால் பிசையும். பால் மறக்கும் முன்பே தாயிடமிருந்து பிரிந்துபோன குட்டிகள் சில, வளர்ந்த பிறகும் மெத்தென்று சூடாக இருக்கிற எதையாவது பிசைந்து சப்பிக்கொண்டிருக்கும். கம்பளி, போர்வை, மனிதரின் காது மடல், எதுவானாலும் சரி. சில ஜாதிப் பூனைகளுக்கு இது கூடவே பிறந்தது. நாய்களிலும் உண்டு. பயமோ அலுப்போ வரும்போது அதிகமாகும். பழகிய வாசனை இருந்தால் இன்னும் பிடிக்கும். துணியைக் கடித்து விழுங்காதவரை ஆபத்தில்லை, திட்டாதீர்கள், சட்டென்று பிடுங்காதீர்கள் என்றார். பிடுங்காதீர்கள் என்று அவர் சொன்னது எனக்கு நன்றாகவே காதில் விழுந்தது.

வெளியே வந்ததும் ஃபிலோ என்னை ஒரு பிடி பிடித்தாள். "யோவ், அம்மா கெடைக்காதது எத்தயாவது புட்சுகினு தூங்குது. இத்த கேக்கறதுக்கு டாக்டரு ஒரு கேடா?"

அவளுக்கு இது முன்பே தெரியும். அவள் காசிமேட்டுப் பெண். அவள் அம்மா மீன் விற்றவள். எங்களுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த சமயம், ஏலம் நடக்கிற இடத்தில் மீன் வேன் ஒன்று ஒரு தாய் நாயை அடித்துவிட்டுப் போய்விட்டது. குட்டிகளில் ஒன்றுதான் தப்பியது. ஐஸ் பெட்டிகளை மூடுகிற ஈரச் சாக்கு மூட்டைக்குள் அது மூக்கை நுழைத்து, சாக்கின் முனையைச் சப்பிக்கொண்டிருந்தது. "சாக்குல பால் கறக்குதுடா மாமு" என்று லோடு இறக்குகிறவர்கள் சிரித்தார்கள். ஃபிலோ யாரையும் கண்டுகொள்ளாமல் போய்த் தன் துப்பட்டாவின் ஓரத்தை அதன் வாயில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே குந்தினாள். பெண் பார்க்க வந்தவர்கள் காத்திருக்கிறார்கள் என்று ஆள் வந்து கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. காத்திருந்தவன் நான்தான். அந்த நாய் பின்னாளில் கடா மாதிரி வளர்ந்தது. லாரிக்காரர்களே அதைக் கண்டு ஒதுங்குவார்கள். ஆனால் தூங்கும்போது மட்டும் ஏதாவது ஒரு சாக்கைச் சப்பிக்கொண்டே தூங்கும்.

3

ஃபிலோவுக்கு நோய் வந்ததையும் போனதையும் நான் எழுதப்போவதில்லை. கணையத்தில் வந்தது, சீக்கிரம் முடித்தது. இங்கேயே அடக்கம் செய்தோம். ஊருக்கு உடலைக் கொண்டுபோக முயன்றபோது, ஒவ்வொரு கவுண்ட்டரிலும் இன்னொரு கவுண்ட்டரைக் கை காட்டினார்கள். கடைசியில் எனக்கே தெம்பு விட்டுப்போயிற்று.

அதற்குப் பிறகும் அலுவலகங்கள் அவளை விடவில்லை. வங்கிக் கணக்கு ஒன்றிலிருந்து அவள் பெயரை எடுக்கச் சொல்லித் தொலைபேசியில் கேட்டால், "அவரே பேசினால்தான் செய்ய முடியும்" என்றது ஒரு குரல். "அவர் இறந்துவிட்டார்" என்றேன். "புரிகிறது, வருந்துகிறோம். வேறு எந்த நேரத்தில் அவரோடு பேசலாம்?" என்றது. நான் பேசுகிற ஆங்கிலத்தில் குறையா, அவர்கள் கேட்கிற ஆங்கிலத்தில் குறையா என்று தெரியவில்லை. சான்றிதழ்களை எல்லாம் அனுப்பியபின் ஒருவழியாக ஒப்புக்கொண்டு ஓர் இரங்கல் கடிதம் அனுப்பினார்கள். உறை மேல் ஃபிலோமினா என்றுதான் அச்சாகியிருந்தது.

ஷெரினைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே வரும்போது தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தவள், இப்போது மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். என்னிடம் ஆங்கிலம்தான். அதுவும் ஓகே, ஃபைன், லேட்டர். அம்மா இருந்தபோது அவர்கள் இருவரும் பேசுவது வேறு மாதிரி இருக்கும். ஃபிலோ கடைசிவரை தன் காசிமேட்டு பாஷையை விடவில்லை. நான் நாலு பேர் மத்தியில் கூச்சப்பட்டு அதை மென்று விழுங்குவேன். அவளோ என் மேலதிகாரியின் முன்னாலேயே என்னை "இன்னாய்யா" என்பாள். ஷெரினும் அம்மாவிடம் அதே பாஷையில் எதிர்ப்பேச்சுப் பேசுவாள். ஃபிலோ போன அன்றோடு அது நின்றது.

நின்றது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு மாலை ஷெரினின் அறைக்கதவு லேசாகத் திறந்திருந்தது. "இன்னாடி ஓணும் உனுக்கு? துன்னுட்டுதான வந்த? சரி, இப்டி குந்து" என்று குரல் கேட்டது. ஃபிலோவின் குரல் அப்படியே. எட்டிப் பார்த்தால், கட்டிலில் ஷெரின். மடியில் அந்த அரக்கு நைட்டி. அதைப் பிசைந்து சப்பிக்கொண்டிருந்தது பேஜாரு.

அதற்குப் பிறகு தினமும் அந்தக் கதவுக்கு வெளியே, துணி மடிப்பது போலவோ விளக்கை அணைக்க வந்தது போலவோ நின்று என் மகளின் பேச்சை ஒட்டுக் கேட்டேன். பள்ளியில் யார் என்ன சொன்னார்கள், கணக்கு வாத்தியார் எப்படிப் பேஜாரு பண்ணுகிறார், எல்லாவற்றையும் பூனையிடம் சொல்வாள். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பூனைக்குச் சொன்னதுதான். அவளுக்கும் எனக்கும் நடுவே மிச்சமிருந்தது அவ்வளவுதான். அதை நானே என் கையால் அறுத்தேன்.

4

என் அக்கா லூர்து ராயபுரத்தில் இருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் சட்டம் அவள்தான். வருசப் பூசைக்கு வருகிறோம் என்று போன் செய்தபோது முதல் கேள்வியே துணியைப் பற்றித்தான்.

"வருசம் திரும்பறதுக்குள்ள அவ துணி ஒண்ணுகூட வூட்ல தங்கக் கூடாதுடா தம்பி. எல்லாத்தையும் எத்துக்கினு வா. பூசை முடிஞ்சதும் காசிமேட்டுப் பொம்பளைங்களுக்குக் குடுத்துடலாம். ஒரு நூலு நின்னாலும் அவ ஆத்துமா வாசல்லயே நிக்கும்."

"சரிக்கா."

"அப்பால, நல்லா தொவச்சு எத்துக்கினு வா. செத்தவங்க துணிய அழுக்கோட குடுத்தா வாங்கறவங்களுக்கு அவமானம்."

ஆத்துமா வாசலில் நிற்கும் என்பதை நான் நம்பினேனா என்றால், இல்லை. நின்றால் நல்லதுதானே என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனாலும் அந்த வருடம் முழுவதும் எதைச் செய்வது, எதை விடுவது என்று தெரியாமல் திரிந்தவனுக்கு, இதைச் செய் என்று ஒருவர் அதட்டிச் சொன்னது பெரிய நிம்மதியாக இருந்தது. சேலை, சுடிதார், கோட்டு என்று எல்லாவற்றையும் துவைத்து, இஸ்திரி போட்டு அடுக்கினேன். ஃபிலோவுக்கு இவ்வளவு மரியாதை அவள் இருந்தபோது நான் செய்ததில்லை.

மிஞ்சியது அந்த நைட்டி. கிளம்புகிற நாள் காலையில் ஷெரின் தோழியிடம் சொல்லிக்கொண்டு வரப் போயிருந்தாள். நாங்கள் இல்லாத நாட்களில் பக்கத்து வீட்டு மார்கரெட் வந்து பூனைக்குச் சாப்பாடு வைப்பதாக ஏற்பாடு. பேஜாருவின் கூடையில் ஷெரின் அந்த நைட்டியை நான்காக மடித்து வைத்திருந்தாள். எடுத்துப் பார்த்தேன். என் மூக்குக்குப் பூனை எச்சில் வாடை மட்டும்தான் அடித்தது. ஓரமெல்லாம் நைந்திருந்தது. ஒரு நூல்கூட நிற்கக் கூடாது என்றாளே அக்கா. பூனைக்குத் தேவை மெத்தென்று ஏதோ ஒன்று, அவ்வளவுதானே என்று நினைத்தேன். கடையிலிருந்து புதிதாக வாங்கியிருந்த நீலக் கம்பளி ஒன்றைக் கூடையில் வைத்தேன். நைட்டியை வெந்நீரில் போட்டு, சோப்புத்தூளைத் தாராளமாகக் கொட்டித் துவைத்து, மெஷினில் காயவைத்து, சூடு ஆறும் முன் பெட்டியில் வைத்துவிட்டேன். ஷெரின் வந்தபோது கம்பளிக்கு மேல் பூனை சுருண்டிருந்தது. நைட்டி அடியில் இருக்கிறது என்று நினைத்து, அதன் தலையை மட்டும் தடவிவிட்டு டாக்ஸியில் ஏறினாள்.

5

ராயபுரத்தில் பூசை நன்றாகவே நடந்தது. பங்குச் சாமியார் ஃபிலோவின் பெயரைத் தப்பில்லாமல் சொன்னார். பூசை முடிந்து கோயிலுக்குப் பக்கத்திலேயே பிரியாணிப் பொட்டலமும் துணியும் கொடுத்தோம். அக்கா ஆளுக்கு ஆள் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். ஷெரின் தூரத்தில் சொந்தக்காரப் பெண்களோடு நின்றிருந்தாள். யார் யாரோ வந்து அவள் கன்னத்தைத் தொட்டு, "அப்டியே ஃபிலோ மூஞ்சி" என்றுவிட்டுப் போனார்கள்.

மதியம் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஷெரினின் போனுக்கு மார்கரெட்டிடமிருந்து செய்தி வந்தது. பூனை சாப்பிடவில்லை, அறை அறையாகப் போய்க் கத்துகிறது என்று எழுதியிருந்தார். கூடையில் இருக்கிற நைட்டியைப் பக்கத்தில் வையுங்கள், சரியாகிவிடும் என்று ஷெரின் பதில் அனுப்பினாள். கூடையில் நைட்டி எதுவும் இல்லை, நீலக் கம்பளிதான் இருக்கிறது என்று திரும்பி வந்தது.

ஷெரின் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "டாடி, அம்மா நைட்டி எங்க?"

நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தொவச்சியா?"

கொடுத்துவிட்டாயா என்று அவள் கேட்கவில்லை. துவைத்தாயா என்றுதான் முதலில் கேட்டாள்.

"தொவச்சுதாம்மா குடுக்கணும்" என்று அக்கா எனக்காகப் பதில் சொன்னாள். "அத்தினியும் குடுத்தாச்சு. கர்த்தர் புண்ணியத்துல ஒண்ணியும் பாக்கியில்ல. பூனைக்கு வேற துணியா கெடைக்காது?"

ஷெரின் எழுந்துவிட்டாள். சாப்பிட்ட கை அப்படியே இருந்தது. "யாரக் கேட்டுக் குடுத்த? பேஜாரு மட்டும்தான் அத்த சப்பிகினு தூங்குச்சுன்னு நெனச்சியா?"

அறையில் இருந்தவர்களுக்கு உடனே புரியவில்லை. எனக்குப் புரிந்தது. வருடம் முழுக்கக் கதவுக்கு வெளியே நின்றவன், உள்ளே எட்டிப் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். விளக்கணைந்த பிறகு அந்தத் துணியின் ஒரு முனை பூனையின் வாயிலும் இன்னொரு முனை என் மகளின் வாயிலும் இருந்திருக்கிறது. காலேஜுக்குப் போகப்போகிற பெண். அவளுக்கும் வெட்கமாகத்தான் இருந்திருக்கும். அவள் அழவில்லை. கையைக்கூடக் கழுவாமல் போய் உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நாம வேணும்னேவா செஞ்சோம்?" என்றாள் அக்கா. அவள் கண்ணும் கலங்கியிருந்தது. பிறகு மெதுவாக, "அந்த அரக்கு நைட்டி கன்னியம்மாகிட்ட போச்சு. ஏலத்தாண்ட சங்கரா மீனு விக்குமே, அது. ஆனா நீ போய்க் கேட்டுறாதடா. செத்தவங்க பேர்ல குடுத்தத திருப்பிக் கேக்கறது மகா பாவம்" என்றாள்.

6

மறுநாள் விடியும்போதே நானும் ஷெரினும் காசிமேட்டுக்குப் போனோம். வழியில் அவள் ஆட்டோவில் ஒரு ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். பாவம் வந்தால் என் தலையில் வரட்டும், அந்தத் துணி மட்டும் கிடைத்தால் போதும் என்று நான் வேண்டிக்கொண்டே போனேன். அது கிடைத்தால் என்னோடு அவள் மறுபடி பேசுவாள் என்று ஏனோ உறுதியாக நம்பினேன்.

படகுகள் வந்து சேர்ந்திருந்தன. ஏலக்காரர்களின் கூச்சல், ஐஸ் உடைக்கிற சத்தம், காலுக்குக் கீழே மீன் தண்ணீர். கன்னியம்மாவைத் தேட வேண்டியிருக்கவில்லை. அரக்கு நிறம் தூரத்திலேயே தெரிந்தது. ஃபிலோவை விடக் கொஞ்சம் பருமன். அதே போலத் தோளில் துண்டு. கூடைக்கு முன்னால் குந்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஷெரின் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதுக்குப் பிறகு அவள் என்னைப் பிடித்தது அப்போதுதான்.

"இன்னா சார், காலங்காத்தால? நேத்து பூசை வூட்டுக்காரர்தான நீ? மீன் ஓணுமா?"

நான் ஏதோ ஆரம்பித்துத் தடுமாறினேன். பூனை என்றேன், மகள் என்றேன், வேறு புது நைட்டி நாலு வாங்கித் தருகிறேன் என்றேன். அவள் என்னைக் கேட்டதாகத் தெரியவில்லை. ஷெரினைப் பார்த்துக்கொண்டே எழுந்தாள்.

"ஐய, இதுக்காம்மா அய்வுற மாதிரி நிக்கிற? புதுசு இன்னாத்துக்கு சார், ஒண்ணியும் வாணாம். வூடு தோ இங்கதான் கீது. வா கண்ணு, கய்ட்டிக் குடுத்துடறேன். ஒரு தபாதான் போட்டுகினேன்."

ஷெரின் என் சட்டையை விட்டுவிட்டு ஒரு எட்டு முன்னால் போனாள். கன்னியம்மாவின் தோள்பக்கம் துணியை இரண்டு கையாலும் பிடித்து, முகத்தை அதில் புதைத்தாள். கன்னியம்மா ஒரு நிமிஷம் திகைத்துப் போனாள். தன் கையிலிருந்த செதிலும் ரத்தமும் பெண்ணின் தலைமுடியில் பட்டுவிடக் கூடாது என்று இரண்டு கைகளையும் உயரத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றாள். ஏலம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து ஷெரின் தலையை எடுத்தாள். "வாணாம் ஆன்ட்டி. நீங்களே போட்டுக்கோங்க" என்றாள்.

"ஏன் கண்ணு? நான் மெய்யாலுமே குடுக்கறேன்மா."

"இல்ல ஆன்ட்டி. அதுல ஒண்ணியும் இல்ல."

கன்னியம்மா என்னைப் பார்த்தாள். நான் கும்பிட்டுவிட்டு மகளுக்குப் பின்னால் நடந்தேன். சாலைக்கு வந்ததும் ஆட்டோ ஒன்று நின்றது. ஷெரின் ஏறவில்லை, கடல்பக்கமாக நடந்தாள். நானும் நடந்தேன். கொஞ்ச தூரம் போனபின் என்னைப் பார்க்காமலே கேட்டாள். ஆங்கிலத்தில் கேட்கவில்லை.

"டாடி, அம்மா மேல இன்னா வாசனை வரும்? எனுக்கு மறந்து போச்சு. நீ சொல்லு."

அவள் அம்மாவின் பாஷையில், கோபமில்லாமல், என்னிடம் முதன்முதலாக ஒன்று கேட்கிறாள். நான் என்னென்னவோ தேடினேன். எவ்வளவு வருடம் ஒரே கட்டிலில் படுத்திருக்கிறோம். ஆஸ்பத்திரியின் மருந்து வாடை வந்தது. நான் கொட்டிய சோப்புத்தூளின் வாடை வந்தது. ஃபிலோ மட்டும் வரவில்லை. ஆனாலும் மகள் காத்துக்கொண்டிருந்தாள். சும்மா இருக்க முடியாமல், "சந்தன சோப்பு வாசனைம்மா" என்றேன்.

ஷெரின் நின்றாள். என் கையை எடுத்து ஒரு தடவை மோந்து பார்த்தாள்.

"அது லூர்து அத்த வூட்டு சோப்பு டாடி" என்றாள். "காத்தால நம்ப குளிச்சது."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கையை மெதுவாக விட்டுவிட்டு முன்னால் நடந்தாள். வேறு ஏதாவது நினைவுக்கு வந்தால் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று அக்கா வீடு வரை நானும் பின்னாலேயே போனேன். ஒன்றும் வரவில்லை.